மீசைக்கு உறை

தலைவரின் மீசையில் இடது பாதி கடவுள் கொடுத்தது. வலது பாதி அவள் கொடுத்தது.

இந்த விஷயம் நாட்டிலேயே நான்கு பேருக்குத்தான் தெரியும். தலைவர், தலைவரின் மனைவி, தலைவருக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் இளைஞன், அப்புறம் ஒப்பனைக்காரியான அவள். ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு புழுவெட்டு வந்து மேலுதட்டின் வலது பக்கத்தை மட்டும் சுத்தமாக மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. எந்தக் களிம்புக்கும் அங்கே ஒரு முடி முளைக்கவில்லை. மொத்தத்தையும் மழித்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். கட்சியின் சுவரொட்டியில் முகமே கிடையாது. மீசை மட்டும்தான், ஆள் உயரத்துக்கு. அதை எடுப்பதும் கட்சியைக் கலைப்பதும் ஒன்று.

ஆகவே நாடகங்களுக்கு ஒப்பனை செய்துகொண்டிருந்த அவளை அழைத்து வந்தார்கள். மெல்லிய வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கோத்துக் கட்டிய அரை மீசை அவளுடைய கைவேலை. தினமும் காலையில் கம் தடவி, தானும் மூச்சை அடக்கி, அவரையும் அடக்கச் சொல்லி, நாற்பது நிமிடம் ஒட்டுவாள். காமிராக்காரர்களுக்கு ஒரே கட்டளை, இடது பக்கமாக நிற்க வேண்டும். ‘அதுதான் இதயம் இருக்கிற பக்கம்’ என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தவன் பேச்சு எழுதும் இளைஞன்தான். எல்லோரும் அவனை ‘வசனம்’ என்றே கூப்பிட்டார்கள். எந்தப் பள்ளத்தில் தலைவர் விழுந்தாலும் அங்கே ஒரு மேடை இருந்ததாக எழுதிவிடுவான். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்வதற்கே சம்பளம் வாங்கியவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

மூச்சுக் காய்ச்சல் பரவத் தொடங்கி, வெளியே போகிறவர்கள் முகக்கவசம் அணிய வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்ன முதல் நாள், தலைவர் காருக்குள் ஒன்றை மாட்டிக்கொண்டார். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. மூச்சின் ஈரத்தில் கம் இளகி, வலது மீசை காதை நோக்கிப் பயணம் கிளம்பிவிட்டது.

“போடாதீங்கய்யா, மீசை கழண்டுரும்!” என்று பின் இருக்கையிலிருந்து அலறினாள்.

பிடுங்கிப் போட்டார். அவள் முன்னால் எக்கி விரலால் அழுத்திச் சரிசெய்வதற்குள் கார் நின்றது, கதவு திறந்தது, முப்பது மைக்குகள். “ஐயா, மாஸ்க் போடலையா?” என்றாள் ஒரு நிருபர். தலைவர் விழித்தார். அதே காரில் வந்திருந்த வசனம் அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து காதில் ஏதோ ஓதினான். தலைவரின் மார்பு விரிந்தது.

“மீசை உள்ளவனுக்கு மூடி எதுக்கு?”

அவ்வளவுதான். மறுநாள் அது சுவரில் இருந்தது. அதற்கு மறுநாள் சட்டைகளில். மீசை இல்லாதவர்கள் பேனாவால் வரைந்துகொண்டார்கள். கடைத்தெருவில் முகக்கவசம் கட்டிக்கொண்டு போன ஒரு வாத்தியாரைச் சுற்றி நின்று “என்ன சார், மீசைக்குக் குளிருதா?” என்று கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அந்த மாதம் மூடி கிடைத்தும் மூட ஆளில்லை.

அவளுக்குத் தூக்கம் போனது. நாட்டுக்காக என்று சொன்னால் பொய். அவள் கணவனுக்காக.

அவன் பேருந்து ஓட்டுநர். குரலுக்காக டிப்போவில் அவனுக்கு வைத்த பெயர் ‘ஏர் ஹாரன்’. அந்த ஹாரனுக்குக் காற்று போதாது என்பது அவனைத் தவிர அவளுக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும். பழைய வீசிங். “நுரையீரல் பாதிதாம்மா வேலை செய்யுது. இந்தக் காய்ச்சல் வந்தா இவர் தாங்க மாட்டார்” என்று மருத்துவர் சொன்னபோது அவன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுவாரமே, டிப்போவில் கட்சிக்காரர்கள் புதிதாகத் தொடங்கிய ‘மீசை அணி’க்குத் தலைவன் ஆகிவிட்டான்.

“நாப்பது பேர் பின்னாடி உட்கார்ந்து இருமுறாங்க. ஒரு துணியையாவது கட்டிக்கங்களேன்” என்றாள்.

“தலைவர் என்ன சொன்னார்?”

“தலைவர் பஸ்ஸா ஓட்டுறார்?”

“நீ அவர் பக்கத்துலயே நிக்கிறவ. உனக்கே அவர் அருமை தெரியல பாரு.”

தெரியாமலா? ஒவ்வொரு முடியாகத் தெரியும். ஆனால் சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருந்தாள் என்பது ஒரு காரணம். ஏர் ஹாரனிடம் காலையில் சொன்ன ரகசியம் மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கி ஊருக்குள் நடந்துவிடும் என்பது இன்னொன்று. இவற்றுக்குக் கீழே, அவளே தொடத் தயங்கிய மூன்றாவதும் இருந்தது. அந்த வாசகத்துக்கு விதை அவள் போட்டது. ‘மீசை கழண்டுரும்’ என்று பயந்து கத்தியதை வசனம் திருப்பிப் போட்டு வீரமாக்கிவிட்டான். அவள் பயம் அவள் கணவனின் சட்டையில் அச்சாகி, தினமும் துவைப்பதற்கு அவளிடமே வந்தது.

சரி, விதை நம்முடையது என்றால் களையும் நாம்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். ஈரத்துக்கு இளகாத ஒரு கம் கிடைத்துவிட்டால் தலைவர் முகக்கவசம் போடலாம். அவர் போட்டால் இவன் போடுவான். கணக்கு அவ்வளவு எளிமையாகத் தெரிந்தது.

தலைவர் வெளியே கிளம்பாததால் அவளுக்கு விடுமுறை கிடைத்த நாள் ஒன்றில், கணவன் வேலைக்குப் போனதும், மருத்துவமனையில் நோயாளிகளின் தோலில் குழாயை ஒட்ட வைக்கும் பசையையும் தன் கம்மையும் கலந்து சமையலறையில் ஆராய்ச்சியைத் தொடங்கினாள். சோதித்துப் பார்க்க ஒரு மேலுதடு வேண்டும். இருந்தது அவளுடையதுதான். பெட்டியிலிருந்து பழைய முழு மீசை ஒன்றை எடுத்து ஒட்டினாள். மேலே முகக்கவசம். அடுப்பில் கெட்டில். ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். கவசத்தை மெல்ல இறக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். ஒரு முடி நகரவில்லை!

வெற்றியில் சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சிரித்தால் இழுத்தது. உதட்டைச் சுழித்தால் இழுத்தது. முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வதே ஒரு முழுநேர வேலையாக இருந்தது. வீரம் வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது அரிப்பு. ஆனால் கண்ணாடியில் இருந்த ஆளுக்கு அந்த அரிப்பு தெரியவில்லை. அவர் மிகவும் உறுதியான மனிதராக, யாரிடமும் வழி கேட்காதவராக, மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துத் துவைத்துவிடுகிறவராகத் தெரிந்தார். அவள் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். அவர் பதிலுக்கு முறைத்தார்.

“யாருங்க நீங்க?”

வாசலில் கணவன், சாப்பாட்டுப் பையோடு. பேருந்து பழுதாகி மதியமே திரும்பிவிட்டான்.

அவளுக்குள் எந்தப் பேய் புகுந்ததோ தெரியவில்லை. காலை அகட்டி நின்றாள். தொண்டையைக் கனைத்தாள்.

“ஏம்மா, சாப்பாடு ரெடியா இல்லையா? மனுஷன் வேலைக்குப் போய்ட்டு வர்றானே!”

அவன் வாய் பிளந்தது. பை கீழே விழுந்தது. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

“அடிப்பாவி! என்னைவிட உனக்கு நல்லா இருக்கே!”

“ஒரு நாடகத்துக்கு. சோதனை பண்றேன்.”

“இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு டிப்போவுக்கு வந்தா உன்னத்தான் அணித் தலைவர் ஆக்குவாங்க!”

“அப்ப நீங்க துணைத் தலைவரா இருங்க. தண்ணி கொண்டாங்க பார்ப்போம்!”

அவன் இன்னும் சிரித்தான். சிரிப்பு நடுவில் எங்கோ திரும்பி விசில் ஆனது. தோள்கள் ஏறின. மூச்சு உள்ளே போக வழி தேடியது. அவள் குளியலறைக்கு ஓடி, சவரப் பெட்டிக்குப் பின்னால் அவன் ஒளித்து வைத்திருந்த இன்ஹேலரைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இரண்டு முறை உறிஞ்சினான். மீசையோடு அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். யாராவது எட்டி முகங்களை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு ஆண்கள், ஒருவர் அழுகிறார், மற்றவர் ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

மூச்சு இறங்கியதும் அவள் மெதுவாகக் கேட்டாள். “ஒரு துணிதானே?”

“டிப்போவுல சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே.”

“நாளைக்கு இந்த மீசையோட நீ வேலைக்குப் போவியா?”

அவள் மீசையின் ஓரத்தை நகத்தால் பெயர்க்கத் தொடங்கினாள்.

“பார்த்தியா” என்றான். ஆனால் ஜெயித்தவன் குரலில் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பியபோது, அவன் தன் பழைய மோட்டார் சைக்கிளைத் துடைத்து, உறை போட்டு, நான்கு மூலையையும் குழந்தைக்குப் போர்வை செருகுவதுபோலச் செருகிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே போனாள்.

தலைவரின் ஒப்பனை அறையில் நிலைமை மோசமாக இருந்தது. முந்தின நாள் அவருடைய சம்பந்தியை மூச்சுக் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். தலைவர் காலையிலிருந்து பதினோரு தடவை கை கழுவியிருந்தார். தொலைபேசியைக்கூடக் கழுவி அது செத்துப்போயிருந்தது. அன்று மாலை மைதானத்தில் பெரிய கூட்டம்.

“புதுசா ஒரு கம் பண்ணியிருக்கேங்கய்யா. இனிமே நீங்க மாஸ்க் போடலாம். ஆவிக்குக்கூட அசையல” என்றாள்.

தலைவரின் கண் கலங்கிவிட்டது. “தெய்வமே! கொண்டா, இப்பவே போடுறேன்.”

“எப்படிங்கய்யா?” என்று வசனம் குறுக்கே பாய்ந்தான். “மீசை உள்ளவனுக்கு மூடி எதுக்குன்னு கேட்டவர் நீங்க. இப்ப மூடினா, மீசை எங்கன்னு கேப்பாங்க.”

“நீ எழுதினதுதானேடா?”

“நீங்க பேசினதுங்கய்யா.”

“நான் செத்தா சிலை வைப்பீங்க. ரெண்டு பக்கமும் மீசை வச்ச சிலை. அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேனேடா!” தலைவர் நாற்காலியில் சுருண்டார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் என்ன என்பதை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

அவள் மனத்தில் ஓடியதெல்லாம் ஒன்றுதான். இவரை விடு, என்ன சொன்னால் என் வீட்டில் இருக்கிறவன் போடுவான்? ஆபத்து என்றால் போடமாட்டான். மருத்துவர் சொன்னார் என்றாலும் போடமாட்டான். சொன்னதை வாபஸ் வாங்கச் சொன்னால் செத்தாலும் மாட்டான். அவன் எதைத்தான் மூடுவான்?

“ஐயா” என்றாள் சட்டென்று. “எங்க வீட்டுக்காரர் பைக்குக்கு உறை போடாம ஒரு நாள் விடமாட்டார். பழைய பக்கெட்டுக்கு யாராவது உறை போடுவாங்களா? மதிப்பு இருக்கிறதைத்தானே மூடி வைப்பாங்க?”

வசனத்தின் பேனா காற்றில் நின்றது.

“அக்கா” என்றான், குரல் நடுங்க. “பைக் மேடைக்கு எடுபடாது. வாள்! வாளுக்கு உறை உண்டு. அரிவாள்மணைக்கு உண்டா?”

“தம்பி, அதேதான்!”

“வீரனின் வாள் உறையில் இருக்கும்! வீரனின் மீசையும் உறையில் இருக்கும்!”

“மூடின்னு சொல்லாத. உறைன்னு சொல்லு” என்றார் தலைவர், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. அவருடைய நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவளுக்குள் ஒன்று கேட்டது. இதுவும் அதே சரக்குதானே, வேறு பொட்டலத்தில்? ஆமாம் என்று அவளே ஒப்புக்கொண்டாள். வீட்டில் விசிலடிக்கும் மூச்சை நினைத்துக்கொண்டு, கம்மை இன்னொரு பூச்சு கூடுதலாகத் தடவினாள்.

மாலை. வெயில் சாயவில்லை, மைதானம் மீசைகளால் நிரம்பியிருந்தது. கூட்டத்துக்காக விட்ட பேருந்துகளில் ஒன்றை ஓட்டி வந்த அவள் கணவனும் அணிக் கொடியோடு முன்வரிசைத் தடுப்புக்கு அருகில் நின்றான். தலைவர் கறுப்பு முகக்கவசத்தோடு மேடை ஏறியபோது பத்தாயிரம் பேர் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. பிறகு முணுமுணுப்பு. ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்ற அவள் திரையின் விளிம்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“என்னடா இவன் மூஞ்சிய மூடிட்டானேன்னு பார்க்கிறீங்க” என்று தலைவர் ஆரம்பித்தார். “கேக்கிறேன், சொல்லுங்க. வாளை வீரன் எங்க வைப்பான்?”

“உறையில!” என்றது ஒரு குரல். அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஏர் ஹாரன்.

“உறையில்லாத வாள் என்ன ஆகும்?”

“துருப்பிடிக்கும்!” என்றார்கள் ஆயிரம் பேர்.

“அப்படின்னா என் மீசை?”

மைதானம் பிளந்தது. விசில், துண்டு, செருப்பு எல்லாம் மேலே பறந்தன. வசனம் அவள் கையைப் பிடித்துக் குதித்தான். அந்த இடத்தில் பேச்சு முடிய வேண்டும். தாளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கைதட்டல் தலைவரின் தலைக்கு ஏறிவிட்டது.

“வாளைப் பார்க்கணுமா?” என்றார்.

“ஐயையோ” என்றாள் அவள்.

“பார்க்கணும்! பார்க்கணும்!”

தலைவர் உறையிலிருந்து வாளை உருவுகிற மாதிரி, வலது காதில் தொடங்கி ஒரே வீச்சில் முகக்கவசத்தை உருவினார்.

அவள் ஆவிக்குச் சோதித்திருந்தாள். வியர்வைக்குச் சோதித்திருந்தாள். ஓர் ஆண்பிள்ளையின் அபிநயத்துக்குச் சோதிக்கவில்லை. அந்தக் கூடுதல் பூச்சு, தோலைவிடத் துணியை இன்னும் ஆசையோடு பற்றிக்கொண்டிருந்தது. அரை மீசை அப்படியே துணியோடு போயிற்று. காமிராக்கள் வழக்கம்போல இடது பக்கம். பழக்கத்தில் அவர் இடது கன்னத்தையே கூட்டத்துக்குக் காட்டித் திரும்பியிருந்ததால், கூட்டத்துக்கு முன்னால் முழு வீரம். அவள் நின்ற பக்கத்தில் குழந்தையின் கன்னம் மாதிரி ஒரு மேலுதடு.

தலைவருக்குக் காற்று பட்டது. புரிந்தது. கண் இமைப்பதற்குள் கவசம் மறுபடி முகத்தில் இருந்தது. இந்த முறை காதில் ஓத வசனம் பக்கத்தில் இல்லை. தலைவர் தானாகவே, பயத்தின் அடிவயிற்றிலிருந்து, கர்ஜித்தார்.

“பார்த்தாச்சா? போதும்! இந்தக் காய்ச்சல் நாட்டை விட்டுப் போற வரைக்கும் இனி இந்த வாள் வெளியே வராது! இது என் சபதம்! மீசை இருக்கிறவன் எவனும் உருவக் கூடாது!”

அப்புறம் நடந்ததற்கு வரலாறு என்ன பெயர் வைக்குமோ. தடுப்புக்கு அருகில் ஒருவன் தோள்துண்டை முகத்தில் கட்டினான். பக்கத்தில் இருந்தவன் கட்சிக் கொடியைக் கழற்றிக் கட்டினான். கண்ணுக்கு எட்டிய வரை மீசைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவள் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து, அழுகிற மாதிரி சிரித்தாள்.

ஒரே வாரத்தில் கடைகளில் ‘மீசை உறை’ தீர்ந்துபோனது. உருவியவனைத் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அந்த வாத்தியாரிடம் போய் மன்னிப்புக்கூடக் கேட்டார்கள் என்று கேள்வி. புதுத் தொல்லை பெண்களுக்குத்தான் வந்தது. தலைவர் வீட்டு வாசலில் காவலாளி அவளை மறித்தான்.

“அக்கா, உறை ஆம்பளைங்களுக்குத்தானே? உங்களுக்கு எதுக்கு? மீசையா இருக்கு?”

“இருந்துச்சுப்பா. போன வாரம்தான் எடுத்தேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவன் வழிவிட்டுவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே வசனத்தின் காதைப் பிடித்து, ‘வீரனைப் பெற்றவளுக்கும் உறை உண்டு’ என்று ஒரு வரி எழுத வைத்தாள்.

கூட்டம் நடந்த மறுநாள் காலையில், கணவன் கண்ணாடி முன்னால் நின்று முகக்கவசத்தின் நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அந்த விரல்கள் பெரிய சக்கரத்துக்குப் பழகியவை.

“கட்டி விடேன்” என்றான்.

பின்னால் நின்று முடிச்சுப் போட்டாள். கண்ணாடியில் இரண்டு கண்கள் மட்டும் இருந்தன. அவை வயதானவையாக இருந்தன. இத்தனை வருடத்தில் அவள் அவற்றைத் தனியாகப் பார்த்ததில்லை.

“என்ன பேச்சு தெரியுமா நேத்து! மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அவர் ஒருத்தராலதான் இப்படி யோசிக்க முடியும்” என்றான்.

“ஆமாங்க. ஒரு ஆம்பளையாலதான் முடியும்.”

அவன் கிண்டலைக் கவனிக்கவில்லை. நாடாவைத் தொட்டுப் பார்த்தான். துணிக்குள்ளிருந்து குரல் சின்னதாக வந்தது, ஹாரன் இல்லை.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லவா? டிப்போவுல எவன்கிட்டயும் சொல்லிராத.”

“சொல்லுங்க.”

“டாக்டர் சொன்ன நாள்லேர்ந்து பஸ்ஸுல ஒருத்தன் இருமினா எனக்குக் கை நடுங்கும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்குவேன். எப்படா இவர் போடுன்னு சொல்வார்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

“போடாதீங்கன்னு அவர் சொன்னப்ப கைதட்டினீங்களே?”

“எல்லாரும் தட்டினாங்களே.” கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “அவங்களுக்கும் நடுங்கியிருக்குமோ?”

அவள் முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. மைதானம் நிறைய மீசைகளும் அவற்றுக்குப் பின்னால் பத்தாயிரம் ஜோடி நடுங்கும் கைகளும் ஒரே நேரத்தில் அவள் கண்ணில் வந்து நின்றன. எவ்வளவு பெரிய நகைச்சுவை! பயப்படுவதற்கு அனுமதி கேட்டு ஒரு நாடே வரிசையில் நின்றிருக்கிறது, அதுவும் பயந்தாங்கொள்ளி ஒருவரிடம்.

“என்ன, சிரிக்கிறியா?”

“இல்லைங்க.”

“சிரிக்கிற. பிடரியில உன் கை ஆடுது.”

“சரி, சிரிக்கிறேன். நேரமாச்சு, கிளம்புங்க.”

அவன் மாடிப்படியில் இறங்கிப் போனான். கீழ் வீட்டுக்காரர் வெறும் முகத்தோடு எதிரே வந்திருக்க வேண்டும், “என்ன சார், வாளைத் திறந்து போட்டு வர்றீங்க? உள்ள போங்க, உள்ள போங்க!” என்ற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. துணி கட்டியிருந்தும் குரல் அப்படியேதான் இருந்தது. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.